தையல் மிஷின் முன்னாடி, ஆதார் பின்னாடி: வேலூரில் வேறு வேலைக்குப் போக நினைக்கும் பெண்களுக்கான சேவைகள் எப்படி?

பாலியல் தொழிலை விட்டுட்டு வேறு வேலைக்குப் போகலாமா என்று கேட்கிற பெண்ணுக்கு வேலூர்ப் பக்கம் முதலில் காட்டுவது தையல் வகுப்பு. அது வேண்டாம் என்றால் இன்னொரு தையல் வகுப்பு. அதுவும் வேண்டாம் என்றால் ஊறுகாய், ஃபினாயில், சாம்பிராணி. ஆதார் இருக்கா, அதில் இருக்கிற பேரும் பாஸ்புக்கில் இருக்கிற பேரும் ஒன்றா என்று முதல் கேள்வியாகக் கேட்கிற இடம் அபூர்வம். வேலை கைநழுவுவது பெரும்பாலும் அந்தக் கேள்வியில்தான்.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டத்திலும் பாலியல் தொழிலில் இருக்கிற பெண்களுக்குக் கிடைக்கிற பயிற்சி, அடையாள அட்டை, வங்கி, சட்ட உதவி ஆகிய சேவைகளைப் பற்றிய மதிப்பீடு இது. அளவுகோல் ஒன்றே ஒன்று: இதைப் பிடித்துக்கொண்டு போனால் மாதச் சம்பள வேலையில் உட்கார முடியுமா? தொழிலை விட்டே ஆகணும் என்று யாருக்கும் சொல்வதற்காக எழுதியது இல்லை. 18 வயது தாண்டிய பெண் தன் விருப்பத்தில் செய்வதை 1956-ஆம் வருடத்துச் சட்டம் குற்றம் என்று சொல்லவில்லை. விடுதி நடத்துவது, அடுத்தவர் சம்பாத்தியத்தில் பிழைப்பது, ஆள் பிடித்து விடுவது, பொது இடத்தில் நின்று கூப்பிடுவது, கோயில், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரியை ஒட்டி 200 மீட்டருக்குள் செய்வது போன்றவைதான் அதில் தண்டனைக்குரியவை. இரண்டு வேலையும் சேர்த்துப் பார்க்கிறவர்களும் நிறைய. அவர்களுக்கும் இது பொருந்தும்.

தையல் வகுப்பையே முதலில் எடுத்துக்கொள்வோம். வங்கிகள் நடத்தும் ஆர்செட்டி (ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம்) பயிற்சி 30 நாள் வாக்கில் இருக்கும். கட்டணம் இல்லை, சாப்பாடு உண்டு, தங்கவும் இடம் உண்டு. சொல்லித்தருவதில் குறை இல்லை. காகிதத்தில் அளவு போட்டு வெட்டுவது, உள்பாவாடை, குழந்தை கவுன், சுடிதார், கடைசி வாரத்தில் ப்ளவுஸ். ஆனால் ப்ளவுஸ் ஒரு வாரத்தில் வருகிற சமாச்சாரம் இல்லை. கைக்குழி கால் அங்குலம் தப்பினால் தோள் இழுக்கும். லைனிங் துணியை முன்னாடியே நனைத்துக் காயவைக்காமல் தைத்தால் முதல் துவையலிலேயே சுருங்கி மேல்துணி உப்பிக்கொண்டு நிற்கும். இது கைக்கு வர நிறைய ப்ளவுஸ் பாழாகணும். பாழாக்க யார் துணி கொடுப்பார்கள்?

அங்கேதான் விஷயம் இருக்கிறது. வீட்டுத் தையல் என்பது தெருவை நம்பிய தொழில். பக்கத்து வீட்டு அக்கா அளவு ப்ளவுஸைக் கொண்டுவந்து கொடுக்கணும், வீட்டுக்குள் வந்து உட்காரணும், மகளை அனுப்பி வாங்கிவரச் சொல்லணும். தெருவுக்கு விஷயம் தெரிந்திருந்தால் ஒரு ப்ளவுஸும் வராது. தெரியாமல் இருந்தால், எப்போது தெரிந்துவிடுமோ என்ற பயத்திலேயே அவள் யாரையும் உள்ளே கூப்பிட மாட்டாள். இட்லிக் கடையும் அப்படித்தான், பால் மாடும் அப்படித்தான். அக்கம்பக்கத்தின் நல்லபேரை மூலதனமாகக் கேட்கிற தொழில்களைத் தேடிப் பிடித்து, அந்த ஒன்று மட்டும் இல்லாதவர்களிடம் கொடுக்கிறார்கள். கொடுக்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. மிஷின் கொடுத்தால் புகைப்படம் எடுக்கலாம், ரேஷன் கார்டில் பேர் நீக்கிக் கொடுத்தால் என்னத்தைப் புகைப்படம் எடுப்பது?

ஒற்றை அறை வாடகை வீடுகளில் அந்த மிஷினைப் பார்க்கலாம். தோல் வார் தளர்ந்து தொங்கும். மூடியைக் கவிழ்த்து அதன்மேல் மடித்த துணி, அதன்மேல் டிவி ரிமோட், சார்ஜர். மிதியில் செருப்பு. இதையும் சும்மா வாங்க முடியாது. அரசின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டத்துக்கு 20-லிருந்து 40 வயதுக்குள் இருக்கணும், வருமானச் சான்று வேண்டும், தைக்கத் தெரியும் என்ற சான்று வேண்டும், கணவனால் கைவிடப்பட்டவர் என்றால் அதற்கும் சான்று வேண்டும். தையல் வகுப்புக்கு மதிப்பெண் 5-க்கு 2. அந்த 2-உம் வகுப்புக்குக் கிடைக்கிற சாப்பாட்டுக்கும், நாலு பேரோடு உட்கார்ந்து சிரிக்கக் கிடைக்கிற ஒரு மாசத்துக்கும்.

தையல் தெரிந்தால் ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் எடுப்பார்கள் என்று வகுப்பில் சொல்வதுண்டு. பாதிதான் உண்மை. வகுப்பில் மிதி மிஷின், கம்பெனியில் மோட்டார். அதிலும் ஷூவின் மேல்பாகத்தை, அவர்கள் பாஷையில் அப்பரை, தைப்பது போஸ்ட் பெட் மிஷினில். தூண் மாதிரி நிமிர்ந்து நிற்கும், துணியைத் தட்டையாகப் போட்டு ஓட்டிப் பழகிய கைக்கு அது பிடிபடாது. துணியில் தப்பாகப் போனால் பிரித்துவிட்டு மறுபடி தைக்கலாம். தோலில் ஊசி இறங்கிய ஓட்டை ஓட்டைதான். ஒரு தையல் தப்பினால் அந்த பீஸே போச்சு. அதனால் வகுப்புச் சான்றிதழோடு போனாலும் ஹெல்பராகத்தான் உட்காரவைப்பார்கள்: பசை தடவுவது, ஓரம் மடித்துத் தட்டுவது, நூல் நுனியைக் கருக்குவது. மிஷினை அவர்களே பழக்கிக்கொள்வார்கள்.

இதில் ஒரு நல்லது இருக்கிறது. அந்த லைனில் உட்காருகிறவளை ஊருக்கு யார் என்று தெரியவேண்டிய அவசியமே இல்லை. அவள் கையில் இருந்து போகிற அப்பரை வாங்குகிறவர் எங்கேயோ ஜெர்மனியில் இருக்கிறார். பேர் கெட்டுப்போனதாக ஊர் நினைக்கிற பெண்ணுக்கு, ஊரில் நல்லபேர் கேட்காத இந்த வேலைதான் வீட்டுத் தையலைவிடப் பல மடங்கு பாதுகாப்பு. குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் பீடி சுற்றுவதும் ஓரளவு அப்படியே. இலை, தூள் வாங்கிவந்து வீட்டிலேயே சுற்றி ஆயிரக் கணக்கில் கொடுப்பது. கூலிதான் போதாது.

கம்பெனி கேட்பது சான்றிதழை இல்லை. ஆதார், வயது ஆதாரம், வங்கிக் கணக்கு, ஆதாரோடு இணைந்த செல் நம்பர். இதில்தான் வண்டி கவிழ்கிறது.

ஆதாரே இல்லாதவர்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது, பலருக்குத் தெரியவில்லை. கொல்கத்தாவில் 1999-இல் நடந்த ஒரு கொலை வழக்கின் மேல்முறையீட்டில், 2011-இல் உச்ச நீதிமன்றம் தானாகவே இந்தப் பெண்களின் மறுவாழ்வைக் கையில் எடுத்தது. புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கு என்பார்கள். கொரோனா சமயத்தில், 2020 செப்டம்பரில், அடையாள அட்டை கேட்காமல் ரேஷன் பொருள் கொடுக்கச் சொன்னதும் இதே வழக்கில்தான். 2022 மே 19 உத்தரவில், நீதிபதி நாகேஸ்வர ராவ் தலைமையிலான அமர்வு முன், முகவரி ஆதாரம் இல்லாமலே ஆதார் கொடுக்க வழி சொல்லப்பட்டது: தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் கெஜட்டட் அதிகாரியோ மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் திட்ட இயக்குநரோ குறிப்பிட்ட படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும். ஆதாரிலோ பதிவு எண்ணிலோ இவர் இந்தத் தொழில் செய்பவர் என்று காட்டுகிற எந்தக் குறியீடும் இருக்கக் கூடாது என்றும் உத்தரவு.

காகிதத்தில் 5-க்கு 5. நடைமுறைக்கு வந்தால் 3.

முதல் சிக்கல், பேர். எய்ட்ஸ் தடுப்புக் களப்பணியாளர்கள் வைத்திருக்கிற லைன் லிஸ்ட்டில், அதாவது பேர்ப் பட்டியலில், பல பெண்கள் தொழில் பேரில்தான் இருக்கிறார்கள். அப்பா அம்மா வைத்தது முனியம்மாள், லிஸ்ட்டில் பிரியா. அந்த லிஸ்ட்டைப் பார்த்துப் படிவத்தில் பிரியா என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கி, ஆதாரும் பிரியா என்று வந்துவிட்டால், ஊரில் இருக்கிற பள்ளிக்கூட டிசி, பழைய ரேஷன் கார்டு, பிள்ளையின் பிறப்புச் சான்று எல்லாம் வேறு ஆளுடையதாகிவிடும். படிவம் எழுதுகிற அன்றைக்கே எந்தப் பேரில் இனிமேல் வாழப்போகிறாள் என்று உட்கார்ந்து கேட்கணும். இனிஷியல் முன்னாடியா பின்னாடியா, அப்பா இனிஷியலா வீட்டுக்காரர் இனிஷியலா என்பதையும் அன்றைக்கே முடிவு செய்யணும். இந்த ஒரு கால் மணி நேரம் பிற்பாடு நடக்க இருக்கிற ஆறு மாச அலைச்சலை மிச்சம் பிடிக்கும்.

இரண்டாவது, நாள் கணக்கு. ஆதார் ஆணையத்தின் பொதுவான சான்றுப் படிவம் கையெழுத்தான தேதியில் இருந்து 3 மாசம்தான் செல்லும். போட்டோவின் மேலும் காகிதத்தின் மேலும் சேர்ந்து விழுகிற மாதிரி கையெழுத்தும் முத்திரையும் இருக்கணும். அடித்துத் திருத்தினால் செல்லாது. கையெழுத்து சென்னையில் இருந்து வரணும். வேலூரில் இருந்து பத்துப் படிவம் சேரட்டும் என்று காத்திருந்து கட்டாக அனுப்பினால், அங்கே போய்த் திரும்பி, அதற்குள் அந்தப் பெண் வேறு ஊருக்குப் போய், திரும்பி வரும்போது தேதி முடிந்திருக்கும். ஒவ்வொன்றாக அனுப்புவதுதான் சரி. படிவம் கைக்கு வந்த வாரத்திலேயே பதிவு மையத்துக்குக் கூட்டிப் போய்விடணும்.

மூன்றாவதுதான் மனசைக் குத்துகிறது. படிவத்தில் தொழில் பேர் இல்லை, சரி. ஆனால் முத்திரையில் எய்ட்ஸ் கட்டுப்பாடு என்ற வார்த்தை இருக்கிறதே! கவுன்டரில் ஸ்கேன் செய்கிற பையன் அதைப் படித்துவிட்டுத் தலையைத் தூக்கிப் பார்க்கிற அந்தப் பார்வை ஒன்று போதும். சில பேர் அங்கிருந்தே திரும்பிப் போயிருக்கிறார்கள். தொழிலும் நோயும் ஒன்றுதான் என்று ஊர் நினைப்பதற்கு அரசாங்கமே முத்திரை குத்திக் கொடுக்கிற மாதிரி ஆகிவிடுகிறது. இதற்கு வேலூரிலேயே ஒரு பழைய கதை உண்டு. 1986-இல் சென்னையில் காப்பகத்தில் அடைத்துவைக்கப்பட்டிருந்த பெண்களின் ரத்தத்தை டாக்டர் சுனிதி சாலமனின் மாணவி நிர்மலா எடுத்து, சோதனை நடந்தது நம்ம ஊர் சிஎம்சி ஆஸ்பத்திரியில். இந்தியாவில் எச்ஐவி முதலில் தெரியவந்தது அப்படித்தான். மருத்துவத்துக்கு அது பெரிய கண்டுபிடிப்பு. ஆனால் அன்றில் இருந்து அரசாங்கத்துக்கு இந்தப் பெண்களைத் தெரிவது எய்ட்ஸ் துறை வழியாக மட்டும்தான். தொழிலாளர் துறைக்கு இன்னும் தெரியாது.

அதனால் ஒரு யோசனை: சொந்த ஏரியாவில் இருக்கிற மையத்துக்குப் போக வேண்டாம். காட்பாடியில் இருக்கிறவர் குடியாத்தத்தில் பதியலாம், தடை இல்லை. 18 வயது தாண்டியவர்களுக்கு முதல் முறைப் பதிவு எல்லா மையத்திலும் எடுப்பதில்லை, முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போகணும். முதல் முறை எடுப்பதற்குக் கட்டணம் கிடையாது. யாராவது கேட்டால் ரசீது கேளுங்கள், அதோடு பேச்சு அடங்கும். பெரியவர்களின் புதுப் பதிவுக்கு மாநில அரசு வழியாகவும் சரிபார்ப்பு இருப்பதால் 180 நாள் வரை இழுக்கலாம். அதுவரைக்கும் ஒப்புகைச் சீட்டில் இருக்கிற எண்ணும் தேதி நேரமும் சேர்ந்த 28 இலக்கம்தான் கையில் இருக்கிற ஒரே பிடி. செல்லில் போட்டோ எடுத்து, நம்பிக்கையான இன்னொருவர் செல்லுக்கும் அனுப்பி வைக்கணும்.

ஆதார் ஏற்கெனவே இருக்கிறவர்களுக்கு வேறு தலைவலி: சிம். தொழிலில் இருந்து விலக நினைக்கிற பெண் முதலில் செய்வது செல் நம்பரை மாற்றுவதுதான். பழைய பார்ட்டிகள் கூப்பிடக் கூடாது என்று சிம்மை உடைத்துப் போடுகிறார்கள். ஆதாரோடு இணைந்தது அந்த நம்பர். பிஎஃப், இ-ஷ்ரம் (அமைப்புசாராத் தொழிலாளர் பதிவு), வங்கி எல்லாவற்றுக்கும் ஓடிபி அங்கேதான் போகும். சிம்மை உடைக்கும் முன்னாடி புது நம்பரை ஆதாரில் ஏற்றிவிட வேண்டும். உடைத்துவிட்டாலும் பயம் இல்லை. மையத்துக்கு நேரில் போய் விரல் ரேகை வைத்தால் எந்த ஆவணமும் கேட்காமல் நம்பரை மாற்றித் தருவார்கள், சின்னக் கட்டணம்தான். இதைச் சொல்லித்தர அரை நிமிஷம் போதும்.

வங்கியில் கவுன்டரில் இருக்கிறவர் சொல்லாத ஒரு சங்கதி உண்டு. எந்த அடையாள ஆவணமும் இல்லாமலே, அதிகாரி முன்னாடி போட்டோவும் கையெழுத்தோ கைரேகையோ வைத்து ஸ்மால் அக்கவுன்ட் திறக்கலாம் என்று ரிசர்வ் வங்கி விதியே இருக்கிறது. இருப்பு 50,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. வருஷத்துக்கு வரவு 1 லட்சம். மாசத்துக்கு எடுப்பது 10,000. முதலில் 12 மாசம் செல்லும், அதற்குள் ஏதாவது அடையாள ஆவணத்துக்கு விண்ணப்பித்ததைக் காட்டினால் இன்னும் 12 மாசம். சம்பளம் போடுவதற்கு இது இடைக்கால ஏற்பாடுதான்: மாசம் 10,000 வந்தால் பத்தாவது மாசத்தில் 1 லட்சம் நிரம்பி, அடுத்த சம்பளம் திரும்பிப் போய்விடும். ஆதார் வந்த உடனே சாதாரணக் கணக்காக மாற்றிவிட வேண்டும். கிளையில் இல்லை என்று கைவிரித்தால் வாய்ப்பேச்சோடு விடாமல், எழுதிக் கொடுங்கள் என்று கேட்கணும். எழுதச் சொன்னால் உள்ளே போய் மேனேஜரைக் கேட்டுவிட்டு வருவார்கள்.

ரேஷன் கார்டில் முட்டுக்கட்டை பழைய கார்டு. அம்மா வீட்டிலோ வீட்டுக்காரர் வீட்டிலோ கார்டில் பேர் இருக்கும். அங்கே நீக்காமல் புதுக் கார்டுக்குப் போட்டால் ஆதார் எண்ணை வைத்து கணினியே தள்ளிவிடும். நீக்க அந்த வீட்டுக்குப் போகணுமே என்று பத்து வருஷமாக விட்டுவைத்திருப்பவர்கள் உண்டு. 2023 செப்டம்பரில் வந்த மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகையும் இந்தக் கார்டை வைத்துத்தான். ஆக ஒரு பேர் நீக்கத்தில் மாசம் 1,000 ரூபாயும் அரிசியும் மாட்டிக்கொண்டு நிற்கிறது. முகவரி எழுதும்போது 2019-இல் மாவட்டம் பிரிந்ததையும் மறக்கக் கூடாது. பழைய ஆவணத்தில் வேலூர் மாவட்டம் ஆம்பூர் என்று இருக்கும், இப்போது அது திருப்பத்தூர் மாவட்டம். அரக்கோணம் ராணிப்பேட்டைக்குப் போய்விட்டது. தாலுகாவைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் மனு வேறு மாவட்டத்து வட்டாட்சியர் முன்னாடி கிடந்து தூங்கும்.

கைவிடப்பட்ட பெண் சான்றிதழைப் பற்றி இரண்டு வார்த்தை. இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி மனுப் போடலாம். கஷ்டம் அதற்குப் பிறகுதான். கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்கு வருவார். விசாரிப்பது பக்கத்து வீட்டில். "இன்னாம்மா, இந்தப் பொண்ணு ஊட்டுக்காரன் உட்டுட்டுப் போய்ட்டானா? தனியாத்தான் கீதா?" என்று வாசலில் நின்று சத்தமாகக் கேட்டால் பக்கத்து வீடு என்ன சொல்லும்? தெரிந்ததோடு தெரியாததையும் சேர்த்துச் சொல்லும். தவறான எண்ணத்தில் கேட்பதில்லை, அலுவலக வழக்கம் அப்படி. மனுப் போட்ட அன்றைக்கே அந்தப் பெண்ணே நேரில் போய், இரண்டு சாட்சிகளின் பேரையும் செல் நம்பரையும் கொடுத்து, இவர்களைக் கேளுங்கள் சார் என்று சொல்லிவிட்டால் வாசல் விசாரணை பெரும்பாலும் தவிரும். அவருக்கும் நடை மிச்சம்.

போலீஸ் வழக்கு விவகாரம் வேலைக்கு நேராகக் குறுக்கே நிற்கிற இடம், ஆஸ்பத்திரி காண்டிராக்ட் வேலையும் செக்யூரிட்டி வேலையும். அங்கே காவல்துறை சரிபார்ப்பு கேட்பார்கள். பொது இடத்தில் அழைத்ததாக 1956 சட்டத்தின் 8-ஆம் பிரிவில் வழக்குப் போட்டு, "ஒத்துக்கோம்மா, 500 ரூபா ஃபைன் கட்டிட்டு மத்தியானம் வீட்டுக்குப் போயிடலாம்" என்று சொன்னால் யாருக்கும் அதுதான் சுலபம் என்று தோன்றும். முதல் தடவைக்கு 6 மாசம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்பது சட்டம். ஃபைன் கட்டியது தண்டனைக் கணக்கில் ஏறும் என்று அப்போது யாரும் சொல்வதில்லை. மூன்று வருஷம் கழித்து சரிபார்ப்பில் அது எழுந்து வரும். ஒத்துக்கொள்ளும் முன்னாடி வக்கீல் வேண்டும் என்று மாஜிஸ்திரேட்டிடம் சொல்லலாம். பெண் என்றாலே வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் என்பது 1987-ஆம் வருடத்துச் சட்டம். சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100-க்கும் கூப்பிடலாம். இந்தச் சேவைக்கு 5-க்கு 4. கேட்கிறவர்கள் குறைவு என்பதுதான் குறை. விடுதியில் ரெய்டு நடந்தால் வயது வந்த, தானாகச் சம்மதித்த பெண்ணைக் கைது செய்யவோ தண்டிக்கவோ கூடாது என்பது 2022 உத்தரவில் குழுவின் பரிந்துரையாகப் பதிவாகியிருக்கிறது, மத்திய அரசு தயக்கம் சொன்னதால் அந்த உத்தரவில் அது கட்டாயம் ஆகவில்லை; பத்திரிகையில் அவள் முகமோ பேரோ வரக் கூடாது என்பது உத்தரவாகவே இருக்கிறது. உள்ளூர்ப் பக்கத்தில் துப்பட்டாவால் முகத்தை மூடிய படம் ஒன்று வந்தால்கூட, துப்பட்டாவை வைத்தே ஊர் கண்டுபிடித்துவிடும்.

வேலைக்குச் சேரும்போது மருத்துவச் சோதனை என்ற பேரில் எச்ஐவி சோதனையும் சேர்த்து எடுக்கச் சொன்னால், முடியாது என்று சொல்ல உரிமை இருக்கிறது. 2017-இல் வந்து 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிற எச்ஐவி சட்டம், வேலைக்கு அதை நிபந்தனையாக வைப்பதைத் தடுக்கிறது. 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் இதற்கென்று புகார் அலுவலர் இருக்கணும். எச்ஐவிக்கு மாத்திரை எடுக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது, அந்த மாத்திரை கொடுக்கிற கூட்டு மருந்து மையத்தின் நேரமும் ஷிப்ட் நேரமும் மோதும். உடம்பு நிலையாக இருந்தால் ஒரே தடவையில் 3 மாசத்துக்கு மாத்திரை கேட்கலாம். மாசா மாசம் லீவு போட்டுக் காரணம் சொல்கிற அவஸ்தை இருக்காது.

இ-ஷ்ரம் அட்டை பத்து நிமிஷ வேலை, வாங்கி வைக்கலாம், தொழில் என்ன என்பதை நாமே சொல்வதுதான். வேலை தேடித் தரும் என்று நினைக்க வேண்டாம். வீட்டு வேலையும் பார்க்கிறவர்களுக்கு மாநில அரசின் வீட்டுப் பணியாளர் நல வாரியம் மேல். பிள்ளைகளின் படிப்பு உதவி அதில் உண்டு.

எல்லாக் காகிதமும் சரியாகி வேலையும் கிடைத்த பிறகு ஆள் திரும்பிப் போகிற இடம் ஒன்று இருக்கிறது. எந்தச் சேவையும் அதைத் தொடுவதில்லை. 3-ஆம் தேதி வேலைக்குச் சேர்ந்தால் முதல் சம்பளம் அடுத்த மாசம் 7-ஆம் தேதி வாக்கில். 35 நாள். அதுவரை தினம் கையில் காசு பார்த்துப் பழகிய வீடு. வட்டிக்காரருக்கு தினம் கட்டு, குழுக் கடனுக்கு வாரம் கட்டு, வாடகை 5-ஆம் தேதி. முதல் மாசச் சம்பளத்தில் பிஎஃப் 12 சதவீதமும் இஎஸ்ஐ 0.75 சதவீதமும் பிடித்து வரும்போது சொன்ன தொகை வேறு, கையில் வந்தது வேறு என்று ஏமாற்றம். பழைய வேலைக்குத் திரும்பினாள், திருந்தவில்லை என்று அப்புறம் பேசுவார்கள். திருந்தாதது அவள் இல்லை, தேதி. பயிற்சி நடத்துகிறவர்கள் 30 நாள் வகுப்புக்குச் செலவழிப்பதில் பாதியை அந்த 35 நாள் அரிசிக்கும் வாடகைக்கும் கொடுத்தால் பலன் கண்ணில் தெரியும். அதுவரை செய்யக்கூடியது, மாசத்தின் கடைசி வாரத்தில் சேர்வது. 25-ஆம் தேதி சேர்ந்தால் அந்த ஆறு நாள் சம்பளமாவது 7-ஆம் தேதி கைக்கு வரும், சில கம்பெனிகளில் சம்பளக் கணக்கு முடிக்கிற தேதி வேறாக இருக்கும் என்பதால் கேட்டுக்கொண்டு சேரணும். கடன்காரரிடமும் அந்த ஒரு மாசத்துக்கு வாரக் கட்டாக மாற்றிக் கேட்டுப் பார்க்கணும். முன்கூட்டிச் சொன்னால் ஒப்புக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.

தினக் காசு வேண்டும் என்றால் சிஎம்சியைச் சுற்றி வேலை உண்டு. வங்காளம், ஜார்க்கண்டில் இருந்து வந்து வாரக் கணக்கில் லாட்ஜில் தங்குகிற நோயாளிகளுக்குத் துணைக்கு இருப்பது, சமைத்துக் கொடுப்பது, அறை சுத்தம். நாலு வார்த்தை இந்தி, நாலு வார்த்தை வங்காளி வந்தால் கிராக்கி. அந்தந்த நாளே காசு. ஆபத்து என்னவென்றால் லாட்ஜ் என்பதே பழைய உலகத்துக்குப் பக்கத்து அறை. முன்கதை தெரிந்த மேனேஜர் ஒருத்தர் இருந்தால் துடைப்பத்தோடு நிற்கிறவளிடம் வேறு கணக்குப் பேசுவார். 10 பேருக்குக் குறைவாக வேலை செய்கிற இடத்தில் பாலியல் தொல்லையை விசாரிக்கிற உள் புகார்க் குழு இருக்காது. மாவட்ட அளவில் இருக்கிற உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் 3 மாசத்துக்குள் எழுதிக் கொடுக்கணும்; 181 பெண்கள் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டால் வழி சொல்வார்கள். அவள் முன்னாடி என்ன வேலை பார்த்தாள் என்பது அந்தப் புகாருக்குப் பதில் ஆகாது. அறை சுத்தத்தைவிட சமையல் வேலை பாதுகாப்பு. அடுப்படியில் நாலு பேர் இருப்பார்கள்.

ஷூ கம்பெனி சேர்க்கைப் படிவத்தில் முந்தைய வேலை என்று ஒரு கட்டம் இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து படிவத்தையே மடித்து வைத்துவிடுகிறவர்கள் உண்டு. காலியாக விடலாம், வீட்டு வேலையும் பார்த்திருந்தால் அதை எழுதலாம். அங்கே நிஜமாகப் பார்ப்பது வயது, கண் பார்வை, கை நடுங்காமல் இருக்கிறதா என்பது. பிறகு எந்த ஸ்டாப்பில் கம்பெனி பஸ் ஏறுவாய் என்று கேட்பார்கள். அதற்குப் பதிலை வீட்டில் இருந்தே யோசித்துக்கொண்டு போகணும். முன்பு ராத்திரி நின்ற இடத்துக்கு எதிரில் காலை ஆறரை மணிக்கு டிபன் பாக்ஸோடு நின்றால், அங்கே இருக்கிற ஆட்டோ ஸ்டாண்டே போதும், விஷயம் பஸ்ஸுக்குள் ஏறிவிடும். ஒரு ஸ்டாப் முன்னாடியோ பின்னாடியோ சொல்லலாம், பத்து நிமிஷம் கூட நடந்தாலும் பரவாயில்லை. முதல் நாள் சொன்ன ஸ்டாப்தான் டிரைவர் லிஸ்ட்டில் ஏறும். அப்புறம் மாற்ற வேண்டும் என்றால் சூப்பர்வைசரிடம் காரணம் சொல்லணும்.